படம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஒரு பழமொழி உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்று இன்னொன்றும் உண்டு. இவற்றைச் சொன்ன இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால் ரேடியோவின் பாடு சுலபமாகியிருக்கும். அவர்கள் பேசவில்லை. அதனால் அவள் பாதி பிழைத்தும் பாதி கெட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, அண்ணன் வைத்தது. பேச்சு வந்த நாள்முதல் அவளை அணைக்கும் பொத்தானை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவன் குறை. பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவளைக் கட்டிக்கொண்டவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பேச்சுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் பேசுவாள், அவர் தலையாட்டுவார். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால் அந்த வீட்டில் சண்டையே நடந்ததில்லை.

வம்பெல்லாம் வெளியில்தான். முதலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு பெண்மணி ஆசையாகக் காலை நுழைத்து, மூச்சைப் பிடித்து, இன்னும் நுழைத்துக்கொண்டிருந்தபோது, “அது உங்க காலுக்கு இல்லம்மா, உங்க பொண்ணு காலுக்கு” என்றாள். பெண்மணிக்குப் பெண் இல்லை. அடுத்து மூக்குக்கண்ணாடிக் கடை. “இந்த ஃபிரேம்ல நீங்க கோவிச்சுக்கிட்ட ஆந்தை மாதிரி இருக்கீங்க சார்” என்று ஒரு வங்கி மேலாளரிடம் சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டதும் சொன்னது சரியாகவே போய்விட்டது. அதற்கடுத்து ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசை. அங்கே அவள் என்ன சொன்னாள் என்பதை அச்சில் போட முடியாது.

எல்லா இடத்திலும் வழியனுப்பும் வாசகம் ஒன்றுதான்: “நீ நல்ல பொண்ணுதான், ஆனா அந்த வாயை மட்டும்...” அவள் சொன்னது பொய் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் செருப்புக் கடையில் மேலாளர் ஆகியிருப்பாள்.

அவள் சும்மா வீட்டில் இருந்த நாட்களில் ஒரு நாள், லிஃப்ட்காரர் தாம் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பற்றிச் சொன்னார். இணையப் பக்கங்கள் செய்யச் சொல்லித்தருகிறார்களாம். “அதுல யார்கிட்டயும் பேச வேண்டாமாம்” என்றார். அந்த மாதம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். மறுநாளே அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஹெச்டிஎம்எல் என்று பயிற்சியாளர் பலகையில் எழுதியபோது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தாள். போகப் போகத்தான் விஷயம் விளங்கியது. பக்கத்தைத் திறந்து காட்டுகிற பிரவுசருக்குச் சொந்தப் புத்தி குறைவு. எது தலைப்பு, எது பத்தி, எது படம், எதைத் தொட்டால் வேறு பக்கம் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். கோண அடைப்புக்குறிக்குள் ‘இங்கிருந்து தலைப்பு’ என்று ஓர் அறிவிப்பு எழுதினால் அங்கிருந்து வருவதைத் தலைப்பாகக் காட்டும். அதே அறிவிப்பை முன்னால் ஒரு சாய்கோடு போட்டுத் திரும்ப எழுதினால் தலைப்பு முடிந்தது என்று அர்த்தம். இந்த அறிவிப்புக்கு டேக் என்று பெயர். திறந்த டேக்கை மூட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று வைத்தால், டப்பாவுக்குள் டப்பா வைப்பது போல, உள்ளே இருப்பதை முதலில் மூட வேண்டும். அடிப்படை இவ்வளவுதான், மீதியெல்லாம் பழக்கம்.

ரேடியோவுக்கு இந்த மொழி ஒரேயடியாகப் பிடித்துப்போனது. ஒரு பொருளை அது என்னவோ அதுவாகவே சொல்ல வேண்டும் என்று கேட்கிற மொழி! சொன்னதற்காகக் கோபித்துக்கொள்ளாத ஆளை அவள் அதுவரை கண்டதில்லை. ஒருமுறை தடித்த எழுத்துக்கான டேக்கை மூட மறந்துவிட்டாள். அந்த இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் பக்கம் முழுக்கத் தடித்துப்போய் நின்றது.

“மூடலைன்னா இப்படித்தான் ஆகும்” என்றார் பயிற்சியாளர்.

“எங்க வீட்லயும் இதைத்தான் சார் சொல்லுவாங்க” என்றாள்.

படத்துக்கான டேக் மட்டும் தனிப்பிறவி. அதற்கு மூடும் டேக்கே கிடையாது. அவளுக்கு அதன்மேல் தனிப் பாசம் வந்ததில் ஆச்சரியமில்லை. அதற்குள் இரண்டு விவரங்களைச் சொல்ல வேண்டும்: படம் எங்கே இருக்கிறது, படம் தெரியாவிட்டால் அதற்குப் பதிலாக என்ன சொல்வது. இரண்டாவதற்கு ஆல்ட் என்று பெயர். மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒரு வரி எழுதுவார்கள். படம் ஒழுங்காக வந்துவிட்டால் அந்த வரி திரையில் தெரியாது. “கண் தெரியாதவங்களுக்கு ஃபோன் இந்த வரியைத்தான் வாய்விட்டுப் படிச்சுக் காட்டும், ஞாபகம் வெச்சுக்குங்க” என்று பயிற்சியாளர் சொன்னார். அவள் ஞாபகம் வைத்துக்கொண்டு பரீட்சையில் எழுதினாள், மதிப்பெண் வாங்கினாள், மறந்துவிட்டாள்.

பிறகு வேலை கிடைத்தது. ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு மேசை, ஒரு ஜன்னல், ஜன்னலை மறைத்துக்கொண்டு டயர் கடைப் பலகையின் முதுகு. கீழே காற்றடிக்கும் இயந்திரம் சீறும்போதெல்லாம் மேலே முதலாளி ஃபோனில் பேசுவதை நிறுத்தி, அது முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார். சிறு கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையப் பக்கம் செய்துதருவது தொழில். பேசிப் பிடிப்பது அவர், எழுதிக் கட்டுவது அவள். சாமர்த்தியமான மனிதர்தான். தம் தலைமுடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எளிதில் புண்படுவார்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. ஆனால் ஒரு நாள் சோபா கடைக்காரர் படங்களைக் கொடுக்க நேரிலேயே மாடியேறி வந்துவிட்டார். முதலாளி தேநீர் சொல்லக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, “இந்த சோபாவைப் பக்கவாட்டுல எடுத்திருக்கலாம் சார், முன்னாடி பாத்தா பல்லு விழுந்த மாதிரி இருக்கு” என்று சொல்லிவைத்தாள். தேநீர் வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

முதலாளி சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இன்னொரு தடவை ஒரே ஒரு கஸ்டமர் உன் வாயைப் பத்திப் புகார் சொல்லட்டும். அன்னைக்கே நீ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடலாம்.”

அவளுக்கு இந்த வேலையை விட மனமில்லை. செருப்புக் கடை போனபோது சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளுக்கு, இது போய்விடுமோ என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. தனக்கு வருகிற வேலை, தன்னால் பிடித்துக்கொண்டிருக்க முடிகிற வேலை என்று அவளுக்கு அமைந்தது இது ஒன்றுதான். ஆகவே வாய்க்குப் பூட்டுப் போட்டாள். நிஜமாகவே போட்டாள். ஆட்கள் வந்தால் வணக்கம், போனால் வணக்கம், நடுவில் புன்னகை.

ஆனால் உள்ளே ஊறுவது ஊறிக்கொண்டுதானே இருக்கும்? எங்காவது வழிந்தாக வேண்டும். அது வழிந்த இடம் ஆல்ட்.

முதலாளியிடம் ஒரு சோதனைக் கருவி இருந்தது. முடித்த பக்கத்தை அதில் போட்டால், ஆல்ட் இல்லாத படங்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைக்கும். சிவப்பைக் கண்டால் அவருக்கு ஆகாது. எழுதியிருக்கிறதா என்று கருவி பார்க்கும், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. முதலாளியும் பார்க்க மாட்டார். ரேடியோ கொஞ்ச காலம் ‘படம்’, ‘படம்’, ‘இன்னொரு படம்’ என்று ஒழுங்காக எழுதிவந்தாள். பல் மருத்துவரின் படம் வந்த அன்று கை கேட்கவில்லை. ‘மருத்துவர் சிரிக்கிறார். பின்னால் நாற்காலியில் இருப்பவர் சிரிக்கவில்லை’ என்று எழுதினாள். கருவி பச்சை காட்டியது. அடடா, என்ன சுகம்!

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வேறொரு சோபா கடைக்கு: ‘மூன்று பேர் உட்காரலாம். மூன்றாமவர் ஒல்லியாக இருப்பது நல்லது.’ உடற்பயிற்சிக் கூடத்துக்கு: ‘உரிமையாளர் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறார். படம் எடுப்பவர் சீக்கிரம் எடுக்கவும்.’ சொந்த நிறுவனத்தின் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ‘எங்கள் நிறுவனர். தலைமுடியில் பாதி அவருடையது, பாதி கம்ப்யூட்டருடையது.’

ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூல் பக்கம் கேட்டது. அதன் உரிமையாளர் அலுவலகத்தார் எல்லோரும் காருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் படத்தை அனுப்பியிருந்தார். எல்லாரும் கேமராவைப் பார்த்து நின்றார்கள். ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மட்டும் வேறெங்கோ முகத்தைத் திருப்பி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ரேடியோ எழுதினாள்: ‘கடைசியில் நிற்கும் அம்மா சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார். சுவர் என்ன ஜோக் சொன்னதோ.’ பச்சை. அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் முதலாளி ஃபோனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“டிரைவிங் ஸ்கூல் ஓனர் பேசினாரு. அங்க ஃபோன் எடுக்குற அம்மா நாளைக்கு இங்க வராங்களாம். அந்த போட்டோவுக்கு எழுதினது யாருன்னு பாக்கணுமாம். என்ன எழுதின?”

“எழுதலயே சார். ‘குரூப் படம்’னு போட்டேன், அவ்வளவுதான்.”

“அவங்களுக்குப் பார்வை கிடையாதாம். நம்ம பக்கத்தை ஃபோன்ல போட்டுக் கேப்பாங்களாம்.”

ரேடியோ அந்தப் படத்தை மனசுக்குள் திறந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி. சுவர். வாய் கொள்ளாத சிரிப்பு. பயிற்சியாளர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன ஒற்றை வாக்கியம் இப்போது வந்து காதில் உட்கார்ந்தது. யாருமே படிக்க மாட்டார்கள் என்று எழுதிய வரி. படிக்கக்கூடிய ஒரே ஒருத்தர் அந்தப் படத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெட்கத்தில் காது சுட்டது. வெட்கத்தோடு கூட பயமும் வந்தது, உண்மையைச் சொன்னால் பயம்தான் முந்தியது. புகார் வந்தால் பை. முதலாளி கீழே இறங்கியதும் அவள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொரு ஆல்ட்டாகத் துடைத்தாள். மருத்துவர் போனார், சோபா போனது, வயிறு போனது, தலைமுடி போனது. மேற்கோள் குறிகள் மட்டும் நின்றன, நடுவில் ஒன்றுமில்லை. அப்படி விட்டாலும் கருவி சிவப்புக் காட்டாது. வெறும் அலங்காரப் படம், சொல்ல ஒன்றுமில்லை, தாண்டிப் போ என்று அதற்கு அர்த்தம். டிரைவிங் ஸ்கூல் படத்துக்கும் அதையே செய்தாள். செய்தபோது மனசு ஒரு மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூல் காரே வந்து நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், டயர் கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து கைகாட்டிய பிறகு அடங்கியது. மடக்குக் கோலைத் தட்டிக்கொண்டு அந்த அம்மாள் மாடியேறினார். ஐம்பது வயதிருக்கும். ஃபோனில் பேசிப் பேசித் தேய்த்தெடுத்த தெளிவான குரல்.

“லேட்டாயிடுச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா ரோட்டுல ஓட்டுறவரு கொண்டுவந்து விட்டாரு. கூட உக்காந்த மாஸ்டருக்கு வேர்த்துடுச்சு. எனக்குக் கண்ணு தெரியாதா, அதனால ஒண்ணும் பயமில்ல” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். “எழுதினவங்க இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா” என்றார் முதலாளி, ரேடியோவைப் பார்த்தபடி. “ஆனா அவங்க ஒண்ணும் அப்படி எழுதல.”

அம்மாள் ஃபோனை எடுத்து விரலால் தட்டினார். ஃபோன் மூச்சுவிடாமல் படித்தது: பள்ளியின் பெயர், தலைப்பு, வகுப்பு நேரம், தொடர்பு எண். படம் இருந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லாமல் கடந்து போனது.

“நேத்து காலைல இருந்துச்சு. நான் சுவரைப் பாத்துச் சிரிக்கிறேன்னு சொல்லுச்சு. இன்னைக்கு நான் இருக்கேன்னே சொல்ல மாட்டேங்குது” என்றார்.

முதலாளி தம் திரையில் அந்தப் படத்தைத் திறந்தார். பார்த்தார். அவருக்கும் கண் இருந்தது. சுவர் எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம் என்பது தெரிந்தது. உடனே குரலில் தேன் வந்துவிட்டது.

“மெஷின் ஏதாவது தப்பாப் படிச்சிருக்கும்மா. படம் என் முன்னாடிதான் இருக்கு. நேராத்தான் பாக்குறீங்க. ரொம்ப நல்லா இருக்கீங்க.”

“இதையேதான் எங்க ஆபீஸ்லயும் சொன்னாங்க. ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினேன். மெஷின் உளறுதுக்கா, நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னாங்க.” அம்மாள் கோலை மடியில் வைத்துக்கொண்டார். “என் தங்கச்சி கல்யாண போட்டோவுலயும் நல்லா இருக்கேனாம். வேலையில சேந்த அன்னைக்கு எடுத்ததுலயும் நல்லா இருக்கேனாம். எல்லா போட்டோவுலயும் நல்லாவே இருக்கேன். அது எப்படின்னு எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனா கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அந்த ஃபோன் ஒண்ணுதான் மாத்திச் சொல்லுச்சு. இப்ப அதுவும் வாயை மூடிக்கிச்சு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். நான் சுவரைப் பாக்குறேனா, இல்லயா?”

கீழே காற்று இயந்திரம் சீறியது. யாரும் பேசாமல் இருக்க நல்ல சாக்கு. அது நின்றது.

முதலாளி ரேடியோவைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னார்: ஆமாம் போடு, விஷயம் முடிந்தது. முடிந்துதான் இருக்கும். எழுதியது அழிந்துவிட்டது, முதலாளியே பொய் சொல்லித்தந்துவிட்டார், அவள் தலையாட்டினால் போதும். தலையாட்டினாலும் எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்பதால் ஒரு ‘ஆமாம்மா’ தேவைப்பட்டது. ஒரே ஒரு சொல். பேசியே வேலையிழந்தவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பு.

“சுவரைத்தாம்மா பாக்குறீங்க” என்றாள் ரேடியோ. “நான்தான் எழுதினேன். நேத்து நான்தான் அழிச்சேன்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

“சுவர் என்ன ஜோக் சொன்னதோன்னு எழுதினது?”

“அதுவும் நான்தான். மன்னிச்சுக்குங்கம்மா. உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாது.”

“அது வலிச்சுது” என்றார் அம்மாள், நேரம் சொல்வது போலச் சாதாரணமாக. “பஸ்ல போறப்பவும் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். சரி, தெரிஞ்சிருந்தா என்ன எழுதியிருப்பே?”

ரேடியோ யோசித்தாள். “நல்லா இருக்கீங்கன்னு எழுதியிருப்பேன்.”

“அப்ப தெரியாததே நல்லதாப் போச்சு. ரெண்டாவது வரியை எடுத்தது சரி. முதல் வரியை எதுக்கு எடுத்தே? அது என்னுது.”

அம்மாள் முதலாளியின் பக்கம், ஏறத்தாழ அவருடைய பக்கம், திரும்பினார். “எங்க பக்கம் நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சதும் உங்க மத்த பக்கத்தையெல்லாம் அப்பவே தேடித் தேடிக் கேட்டேன். சோபா கடை எனக்கு மனப்பாடம். அந்த நிறுவனர் தலைமுடி, பாதி கம்ப்யூட்டருதுன்னு வந்துதே, அது யாருங்க?”

முதலாளியின் கை தானாக மேலே போய்ப் பாதி வழியில் நின்றது. ரேடியோவைப் பார்த்தார்.

“பையை எடு” என்றார்.

அவள் மேசைக்குக் கீழிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். லிஃப்ட்காரரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை இல்லை, அவர் தலையாட்டிவிடுவார். தனக்குத்தானே எப்படிச் சொல்லிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

“கிளம்புறதுன்னா கிளம்பட்டும், அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ வேணும்” என்றார் அம்மாள். “எங்க வெப்சைட்டுல போட நல்லதா ஒண்ணு. சார், உங்க ஃபோன் நல்ல ஃபோனா?”

கஸ்டமர் கேட்டால் மறுக்கிற பழக்கம் முதலாளிக்கு இல்லை. ஃபோனை எடுத்து எதிரே நின்றார். ரேடியோ, பையோடு, அம்மாளின் தோளுக்குப் பக்கத்தில் நின்று வழி சொன்னாள். “இடது பக்கம் திரும்புங்க. இன்னும். ரொம்பப் போயிட்டீங்க, கொஞ்சம் திரும்பி வாங்க. தாடையை இறக்குங்க. அங்கேயே நில்லுங்க.” முதலாளி எடுத்தார்.

“எப்படி வந்திருக்கு?”

“பிரமாதமா வந்திருக்கும்மா” என்றார் முதலாளி.

“உங்களைக் கேக்கல.”

ரேடியோ எட்டிப் பார்த்தாள். “நேராப் பாக்குறீங்கம்மா. ஆனா சிரிப்பே இல்ல. தொலைஞ்சு போனவங்க போஸ்டர் மாதிரி இருக்கு.”

அம்மாள் வெடித்துச் சிரித்தார். “சரி, இன்னொண்ணு எடுங்க.”

இரண்டாவதில் சிரிப்பு இருந்தது, கழுத்து கோணியிருந்தது. ரேடியோ அதையும் சொன்னாள். மூன்றாவதை எடுத்துவிட்டு முதலாளி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். ‘பிரமாதம்’ என்ற சொல் வழக்கம்போல வாய்வரைக்கும் வந்தது. அம்மாள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு வேறு பக்கம் சாய்ந்திருந்தார். முதலாளி வந்ததை விழுங்கிக்கொண்டு, ஃபோனை ரேடியோவிடம் நீட்டினார்.

“பையைக் கீழ வெச்சுட்டு, நீயே சொல்லித் தொலை.”